பட்டனுக்கும் பேட்டுக்கும் நடுவில்

"மாமா, நான் கரெக்டாத்தான் அமுக்குறேன். அவன்தான் லேட்டா அடிக்கிறான்."

அக்கா பையன் இதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. 13 வயது. டிவியில் ஓடிய கிரிக்கெட் வீடியோ கேமில் அவனுடைய பேட்ஸ்மேன் ஐந்தாவது முறையாக போல்டாகி நடந்துகொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "ஆடத் தெரியலேன்னா டிவியக் குறை சொல்றது. அவுட்டானா அவுட்டுதான்டா."

நானும் முதலில் அக்கா பக்கம்தான் இருந்தேன். அந்த பிஎஸ்4 கேம் செட்டு பழசு. அவன் கூட்டாளியின் அண்ணன் பிஎஸ்5 வாங்கியதும் இவன் கைக்கு வந்தது. கண்ட்ரோலர் தேய்ந்திருக்கலாம், பையனுக்கு இன்னும் டைமிங் பிடிபடாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் விடவில்லை. "அவங்க வீட்ல இதே செட்டுல, இதே கண்ட்ரோலர்ல நான் ஃபிஃப்டி அடிச்சிருக்கேன் மாமா" என்றான். செட்டு அதே, கண்ட்ரோலர் அதே, ஆடுகிற கையும் அதே. மாறியிருப்பது டிவி மட்டும்தான்.

கண்ட்ரோலரை வாங்கி நானே நாலு பந்து ஆடினேன். பட்டனை அமுக்கினால் பேட் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சுழன்றது. வெளிநாட்டிலிருந்து பேசுகிறவர் குரல் அரை நொடி தள்ளி வரும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவோமே, அந்த மாதிரி ஒரு ஒட்டாத தன்மை. தாமதம் இருக்கிறது என்று கை சொல்கிறது. எவ்வளவு என்று கையால் சொல்ல முடியாது. அளந்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அளக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஸ்லோ மோஷன் வசதி உள்ள போன். விநாடிக்கு 240 ஃபிரேம், அதாவது 240 தனித்தனிப் படம் எடுக்கும். அப்படியென்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். இரண்டு எவர்சில்வர் டம்ளருக்கு நடுவே போனைச் சாய்த்து நிறுத்தி, கண்ட்ரோலரும் அதன் பின்னால் டிவியும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி வைத்தோம். மெனுவில் கீழே போகும் பட்டனைப் பையன் பத்து முறை அமுக்கினான். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணினோம். கட்டைவிரலின் நகம் வெளுத்துப் பட்டன் அடியில் உட்காரும் ஃபிரேமிலிருந்து, திரையில் வெளிச்சக் கட்டம் அடுத்த வரிக்கு நகரும் ஃபிரேம் வரை. அவன் வாய்விட்டு எண்ண, நான் நோட்டில் குறித்தேன். 46, 48, 47, 49, 45 என்று பத்தும் இப்படியே. சராசரி 47.

அடுத்து என் அறையில் இருந்த 24 அங்குல கம்ப்யூட்டர் மானிட்டரைக் கொண்டுவந்து, அதே செட்டை மாட்டி, அதே மெனுவில் அதே பட்டனை அமுக்கச் சொன்னேன். சராசரி 24.

கண்ட்ரோலரிலிருந்து செட்டுக்குப் போகும் நேரம், செட்டு கணக்குப் போடும் நேரம் எல்லாம் இந்த இரண்டு எண்ணிலும் சமமாக இருக்கின்றன. மிச்சமுள்ள 23 ஃபிரேம் வித்தியாசம் முழுக்க டிவியுடையது. சுமார் 96 மில்லி விநாடி. கிட்டத்தட்ட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்காவுக்குக் கிரிக்கெட்டிலேயே சொல்லிக் காட்டினேன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, 96 மில்லி விநாடியில் ஏறக்குறைய 12 அடி வந்துவிடும். பந்துவீச்சாளர் கையிலிருந்து பேட்ஸ்மேனை அடைவதற்கே மொத்தம் அரை விநாடிதான். பையன் பார்க்கும் பந்து 12 அடி பழசு. அவன் அமுக்கியது சரியான நேரத்தில்தான், அவன் பார்த்த பந்துக்கு. உண்மையான பந்து அதற்குள் ஸ்டம்பைத் தட்டியிருக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப மூணு மாசமா இவன் சொன்னது நெசந்தானா?" என்றாள். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபிறகுதான் புது டிவி வாங்குவது என்று முடிவானது. கையில் 25,000 ரூபாய்.

டிவி ஏன் தாமதிக்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் பாதி வேலை முடிந்த மாதிரி. இன்றைய டிவி வருகிற படத்தை அப்படியே காட்டுவதில்லை. முதலில் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. தன் அளவுக்கு நீட்டுகிறது அல்லது சுருக்குகிறது, புள்ளிப் பூச்சிகளைத் துடைக்கிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது, நிறத்தை ஏற்றுகிறது. அசைவை வழவழப்பாக்கும் வசதி போட்டிருந்தால் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே புதிதாக ஒன்றை அதுவே வரைகிறது. நடுவில் உள்ளதை வரைய வேண்டுமானால் அடுத்தது வந்து சேரும்வரை காத்திருந்துதானே ஆக வேண்டும்? விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லி விநாடி. ஐந்தாறு ஃபிரேமைத் தேக்கி வைத்தால் நூறு மில்லி விநாடி போய்விட்டது. சீரியலோ சினிமாவோ பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, சத்தத்தையும் அதே அளவு தள்ளி வைத்து உதட்டோடு பொருத்திவிடுகிறார்கள். கேமில் மட்டும்தான் மனிதக் கை குறுக்கே வருகிறது. இந்தத் தாமதத்துக்குத்தான் இன்புட் லேக் என்று பெயர்.

எனக்கு இது முதன்முதலில் உறைத்தது ஒரு வாத்தால். 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, ஆட்சிக்கு வந்தபின் வீடுகளுக்குக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி அப்பத்தா வீட்டில் இருந்தது. போட்டதும் மெல்லிய கீச்சொலி கேட்கும், கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்க்கும், அந்தக் காலத்து பிக்சர் டியூப் டிவி. அதில் கேசட் போடுகிற வீடியோ கேம் செட்டு மாட்டி, பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுடுவோம். ஐந்தாறு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கு எல்இடி டிவி வந்தபோது, பரணிலிருந்து பழைய செட்டை இறக்கி மஞ்சள் பின்னைச் சொருகி ஆசையாகச் சுட்டேன். ஒரு வாத்து விழவில்லை. துப்பாக்கி போய்விட்டது என்று நினைத்து, மனசு கேட்காமல் அப்பத்தா வீட்டுக்கு எடுத்துப்போய் அந்த 14 அங்குலத்தில் மாட்டினேன். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் மூக்கில் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கண். விசையை இழுத்ததும் செட்டு ஒரு ஃபிரேமுக்குத் திரை முழுவதையும் கறுப்பாக்கும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். கறுப்புக்குப் பின் உடனே வெள்ளையைத் துப்பாக்கி பார்த்தால் குண்டு பட்டதாகக் கணக்கு. அந்த டியூப் டிவி எதையும் தேக்கி வைக்காது. சிக்னல் வர வர, வரி வரியாக எலக்ட்ரான் கற்றை வரைந்துகொண்டே போகும். எல்இடி டிவியிலோ வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் செட்டு எதிர்பார்த்த நேரம் கடந்துவிடுகிறது. ரேஷன் கார்டுக்குக் கிடைத்த அந்த டிவி, இன்று ஷோரூமில் லட்சத்தில் விற்கும் டிவி இருக்கிறதே, அதையும்விட வேகமாகக் கைக்குப் பதில் சொல்லியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

சரி, கடைக்கு வருவோம்.

மதுரையில் ஒரு பெரிய ஷோரூமுக்கு ஒரு புதன்கிழமை மதியம் போனோம். ஞாயிறு மாலை போனால் யாரும் நமக்கு ரிமோட்டைத் தர மாட்டார்கள். பையில் லேப்டாப், எச்டிஎம்ஐ கேபிள், போன். சுவர் முழுக்கக் கிளிகளும் பூக்களும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. அந்த வீடியோவைப் பார்த்து எந்த டிவியையும் எடைபோடாதீர்கள். கடையில் டிவிகள் ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்து ஓடும், படமும் அதற்கென்றே எடுத்தது, மெதுவாகத்தான் நகரும். நமக்கு வேண்டிய எதையும் அது காட்டாது.

விற்பனைப் பையன் தம்பி வயசுதான். "சார், இது 4கே, எச்டிஆர் இருக்கு, டால்பி இருக்கு, 120 ஹெர்ட்ஸ் சார், கேமிங்குக்கு இதான் போகுது" என்றார். "தம்பி, அஞ்சு நிமிஷம் லேப்டாப்பை மாட்டிப் பாத்துக்கலாமா?" என்று கேட்டேன். மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் தலையாட்டினார்.

கடையில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. லேப்டாப் திரையையும் டிவியையும் ஒரே படமாகக் காட்டவைத்து, மில்லி விநாடி ஓடும் ஸ்டாப்வாட்சைத் திறந்து, இரண்டு திரையும் தெரிய போனில் பத்துப் படம் எடுக்க வேண்டும். லேப்டாப்பில் 4,310 என்றும் டிவியில் 4,200 என்றும் இருந்தால் லேப்டாப்பைவிட டிவி 110 மில்லி விநாடி பின்தங்கி ஓடுகிறது. லேப்டாப் திரைக்கும் சொந்தத் தாமதம் உண்டு என்பதால் இது துல்லியமான அளவு அல்ல. ஆனால் இரண்டு டிவியை ஒப்பிட இது போதும். ஒரு படத்தை மட்டும் எடுத்து நம்பிவிட வேண்டாம், திரை புதுப்பிக்கும் தருணத்தைப் பொறுத்து எண் முன்னே பின்னே வரும்.

120 ஹெர்ட்ஸ் என்று சொன்ன முதல் டிவி சாதாரண நிலையில் 110 பின்தங்கியது. "கேம் மோட் இருக்கு சார்" என்று மாற்றினார். நிறம் கொஞ்சம் நீலமானது. தாமதம் 105. அதாவது அந்த டிவியில் கேம் என்பது ஒரு நிற அமைப்பின் பெயர் மட்டும். மலிவு விலை டிவியில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உண்மையான கேம் மோட் என்றால், நான் மேலே சொன்ன துடைப்பது, தீட்டுவது, நடுவில் வரைவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வந்த படத்தை நேரே திரைக்கு அனுப்ப வேண்டும். அதைப் போட்டதும் படம் கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். பல கம்பெனிகள் படத் தேர்வில் கேம் என்று ஒன்றையும், வேறொரு மெனுவில் குறைந்த தாமதம் என்று தனி சுவிட்ச் ஒன்றையும் வைத்திருக்கின்றன. இரண்டாவதைத் தேடிப் போட வேண்டும்.

அந்த 120 ஹெர்ட்ஸுக்கும், அதாவது திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் என்பதற்கும், ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணுக்காக 3,000, 4,000 ரூபாய் கூடக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். இந்த விலையில் பெரும்பாலான பேனல்கள், அதாவது படம் காட்டும் திரைத் தகடுகள், விநாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும். அட்டைப்பெட்டியில் உள்ள 120, பல நேரம் டிவியே நடுவில் வரைந்து சேர்க்கும் ஃபிரேமைக் கூட்டிச் சொல்வது. சில 4கே டிவிகள் உண்மையாகவே 120 சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் படுக்கை வரிகளைப் பாதியாக்கித்தான் காட்டும். பிஎஸ்4 டிவிக்கு விநாடிக்கு 60-க்கு மேல் அனுப்பவே அனுப்பாது. அது வைத்திருப்பவருக்கு 120 எந்த வகையிலும் தேவையில்லை. பிஎஸ்5 இருந்தாலும், அதன் பெரும்பாலான கேம்கள் 60-இலோ 30-இலோதான் ஓடுகின்றன. எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருப்பதாலேயே 4கேயில் 120 வரும் என்றும் எண்ண வேண்டாம். அந்தத் தரத்தின் புது வசதிகள் பலவும் கட்டாயமில்லை என்பதுதான் விதி. எந்த வசதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏஎல்எல்எம் என்று ஒன்று இருந்தால் நல்லது, கேம் செட்டு போட்டதும் டிவி தானாகக் கேம் மோடுக்கு மாறும். அப்படி மாறச் சொல்லும் செய்தியை பிஎஸ்4 அனுப்பாது, நாம்தான் கையால் மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றிவிட்டால் பல டிவிகள் அந்த எச்டிஎம்ஐ ஓட்டைக்கு மட்டும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது டிவி 43 அங்குலம், 4கே, 60 ஹெர்ட்ஸ். அட்டைப்பெட்டியில் பெரிதாக எதுவும் பீற்றிக்கொள்ளவில்லை. சாதாரண நிலையில் 95. குறைந்த தாமத சுவிட்சைப் போட்டதும், லேப்டாப்பும் டிவியும் ஒரு ஃபிரேம் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன. பத்துப் படத்தில் இரண்டில் ஒரே எண். பையன் போனைப் பிடுங்கி எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். விற்பனைத் தம்பியும் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நான் போன்ல கேம் ஆடுவேன், டிவில இப்பிடி இருக்கும்னு தெரியாது சார்" என்றார். அடுத்த அரை மணி நேரம் அவரே ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிவியாக மாற்றிக் கொடுத்தார்.

முழு எச்டி போதாதா, 4கே எதற்கு என்று கேட்பீர்கள். நானும் முழு எச்டி தேடித்தான் போனேன். பிஎஸ்4 அனுப்புவது 1920-க்கு 1080 புள்ளி, அதாவது முழு எச்டி. 43 அங்குலத் திரையில் அந்தப் புள்ளி ஒன்று சுமார் அரை மில்லிமீட்டர். ஆறடி தள்ளி உட்கார்ந்தால் நல்ல கண்ணுக்கும் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியாது. ஆக 4கே கட்டாயமில்லை. ஆனால் நாங்கள் பார்த்த முழு எச்டி டிவி எதிலும் உண்மையான குறைந்த தாமத சுவிட்ச் இல்லை, 4கேயில்தான் இருந்தது. 4கே என்பது முழு எச்டியின் புள்ளிகளை நீளத்திலும் உயரத்திலும் அப்படியே இரட்டிப்பது, அதனால் பெரிதாக்கும்போது படம் சிதையாது.

சிதைவது எச்டி ரெடி என்று விற்கும் 32 அங்குலத்தில். அக்கா வீட்டுப் பழைய டிவி அதுதான். அதன் திரை 1366-க்கு 768. 1080 வரிப் படத்தை அனுப்பினால் சுருக்க வேண்டும், 720 வரிப் படத்தை அனுப்பினால் கொஞ்சம் நீட்ட வேண்டும். இரண்டும் பொருந்தாத அளவு. ஸ்கோர் போர்டில் 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் பையன் எழுந்துபோய்க் கிட்டே பார்த்துவிட்டு வருவான். போதாததற்கு அந்த டிவி படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடும். டியூப் டிவி காலத்தில் ஓரத்துக் கோணலை மறைக்கச் செய்தது, இன்றும் தேவையில்லாமல் தொடர்கிறது. பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன் என்றோ ஸ்கிரீன் ஃபிட் என்றோ இருக்கும், போட்டால் ஓரம் திரும்பிவரும். உங்களிடம் எச்டி ரெடி டிவிதான் இருக்கிறது, இப்போதைக்கு மாற்ற முடியாது என்றால், முதலில் இதைச் செய்யுங்கள். அசைவை வழவழப்பாக்குவது, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது என்று மெனுவில் உள்ள எல்லாவற்றையும் அணையுங்கள். ஷார்ப்னஸைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். தாமதம் எல்லா டிவியிலும் குறையாது, சிலதில் நன்றாகவே குறையும். எண்ணிப் பாருங்கள்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் வசதி பற்றி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. பிஎஸ்4 எல்லா மாடலுக்கும் 2016-இலேயே அந்த வசதி வந்துவிட்டது, டிவியும் எச்டிஆர் என்று எழுதியிருக்கிறது, போட்டால் படம் இருண்டு போகிறது என்று பலர் கேட்கிறார்கள். எச்டிஆர் படங்கள் பலவும் 1,000 நிட் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாராகின்றன. மலிவு டிவியின் வெளிச்சம் 250, 300 நிட்டோடு நின்றுவிடும். சிக்னல் புரிகிறது, காட்டச் சக்தியில்லை. அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாயும் கூடத் தர வேண்டாம். பிஎஸ்4 அமைப்பில் எச்டிஆரை அணைத்துவிட்டோம், படம் பளிச்சென்று இருக்கிறது.

பேனலுக்கு நிறைய யோசித்தோம். விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏயில் கறுப்பு கறுப்பாக இருக்கும், ராத்திரிக் காட்சிகள் அழகு. ஆனால் இருட்டிலிருந்து இருட்டுக்கு நிறம் மாறும்போது மெதுவாக மாறுவதால், நகரும் உருவத்தின் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு தடம் வரும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளுக்கும். ஐபிஎஸ் எந்தக் கோணத்திலும் நிறம் மாறாது, ஆனால் விளக்கணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். நம் வீட்டில் யார் இருட்டில் உட்கார்ந்து ஆடுகிறார்கள்? டியூப் லைட் எரியும், ஜன்னல் திறந்திருக்கும், பையன் தரையில் பாய் போட்டு உட்காருவான், அவன் தங்கை ஓரத்தில் சுவரில் சாய்ந்திருப்பாள். கடையில் நான் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன், பிறகு ஓரத்துக்கு நகர்ந்து பார்த்தேன். முகத்தின் நிறம் வெளுக்கவில்லை. ஐபிஎஸ் போதும் என்று முடிவு செய்தேன். ஒரே மாடலில் ஒவ்வொரு சரக்குக்கும் வேறு பேனல் வருவதுண்டு, அதனால் காகிதத்தை நம்பாமல் இப்படி உட்கார்ந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு.

டிவியின் ரேம் 1 ஜிபியா 2 ஜிபியா, ஆப் எத்தனை என்றெல்லாம் விற்பனைத் தம்பி சொன்னார். கேம் செட்டு இருக்கிற வீட்டில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். யூடியூபும் மற்றதும் செட்டிலேயே ஓடும், அதுவும் வேகமாக.

விலையில் ஒரு நல்ல காலம் வாய்த்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வரிக்கு முன் 20,000 என்றால் முன்பு 25,600, இப்போது 23,600. 32 அங்குலம் வரை 2019-லிருந்தே 18 சதவீதம்தான், அதனால் சின்ன டிவியையே பலரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் காரணம் போய்விட்டது. அந்த 43 அங்குலம் எங்களுக்கு 24,000-க்குள் முடிந்தது.

மாட்ட வந்தவர் துளை போடும் கருவியை எடுத்ததும் நேரே சாமி படத்துக்குச் சமமாகக் குறி போட்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்பார்களாம். தரையில் உட்கார்ந்து ஆடும் பையனின் கண் உயரம் சுமார் இரண்டரை அடி. ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும் திரையை இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்ன ஆகும்? "அண்ணே, கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றேன். "பாப்பா தொட்டுரும்டா" என்றாள் அக்கா. கடைசியில் திரையின் நடுப்பகுதி மூன்றேகால் அடியில் நிற்கும்படி மாட்டினோம். சோபாவுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு சமாதானம். அக்கா கீழே ஒரு நீளமான ஸ்டூலைப் போட்டுப் பாப்பா கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டாள்.

எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும்போது இரண்டு பக்கமும் கரண்டை அணைத்துவிடுங்கள். பிஎஸ்4-க்கு இரண்டு முனைப் பிளக்குதான், எர்த் கிடையாது. உலோகப் பகுதியில் லேசாகச் சுரீரென்று இருக்கும் கசிவு, கேபிள் தொடும் நொடியில் எச்டிஎம்ஐ ஓட்டைக்குள் போகலாம். கூட்டாளி வீட்டில் ஒரு ஓட்டை அப்படிப் போனது. இடி இடிக்கும்போது கேபிள் டிவி வயரையும் கழற்றிவிடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி பையன் முதல் வேலையாக போனை டம்ளருக்கு நடுவில் வைத்தான். அவனே அமுக்கி, அவனே எண்ணினான். 26, 25, 27, 26, 26. மானிட்டரைவிட இரண்டு ஃபிரேம்தான் அதிகம். நோட்டில் பழைய 47-க்குக் கீழே 26 என்று எழுதி இரண்டு கோடு போட்டான். அப்புறம்தான் ஆட உட்கார்ந்தான். முதல் பந்தைக் கவர் திசையில் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்று மாதமாக லேட்டாகும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே அமுக்கிப் பழகியிருந்ததால் அடுத்த மூன்று பந்தில் சீக்கிரமே சுற்றி அவுட்டானான். அந்தப் பழக்கம் மாற ஒரு வாரம் பிடித்தது.

பழைய 32 அங்குலம் இப்போது அப்பத்தா அறையில். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் சீரியல். நிறம் நன்றாக இருக்கிறது, முகமெல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று அப்பத்தாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். பையன் நோட்டில் இதுவரை தெருவில் நாலு வீட்டு டிவியின் எண் ஏறியிருக்கிறது. இந்த ஞாயிறு அஞ்சாவது வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போனையும் இரண்டு டம்ளரையும் எடுத்துவரச் சொல்லி.